பேரவையின் பூச்சு யுத்தம்

கனடாத் தமிழ்க் கனிவணிகர் பேரவையின் யாப்பு தடித்த விதிப்புத்தகம். கொடியை எந்தக் கையால் ஏற்றவேண்டும், பொன்னாடையை எந்தத் தோளிலிருந்து போர்த்தத் தொடங்கவேண்டும், தலைவர் பிந்தி வந்தால் சபை எவ்வளவு நேரம் எழுந்து நிற்கவேண்டும் என்பதெல்லாம் அதில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பழம் என்ற சொல் மட்டும் ஒரேயொரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் ‘பலம்’ என்று அச்சாகிவிட்டது. அந்த எழுத்துப்பிழையைத் திருத்தலாமா என்று வாக்கெடுப்பு வைத்த அன்றுதான் பேரவை முதன்முதலாகக் கைகலந்தது. அப்போதைய பொருளாளர் தன் முன்பற்களை ஒரு கடதாசிக் குவளையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிழை அப்படியே இருக்கிறது.

இந்தப் பேரவைக்கும் நிலாமுக்கும் இருந்த தொடர்பு குளிரறைத் தொடர்பு மட்டுமே. ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைகளில் குளிரறை பழுதானால் நிலாமைக் கூப்பிடுவார்கள். அவன் வருவான், திருத்துவான், தேத்தண்ணி குடிப்பான், போவான். கடைக்காரர்களில் பெரும்பாலானோர் பேரவை உறுப்பினர்கள். அவர்களைப் பகைத்தால் அவன் வீட்டு அடுப்பு எரியாது.

2009ஆம் ஆண்டு வசந்தகாலம். வன்னியில் சண்டை ஒரு கடற்கரைத் துண்டுக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தது. ரொறன்ரோத் தெருக்களில் சனம் பதாகைகளோடு அழுதுகொண்டு நின்றது. பேரவையும் ஒரு பதாகை கொண்டுபோனது. அதில் பேரவையின் இலச்சினை பெரிதாகவும், ‘கொலையை நிறுத்து’ என்பது அடியில் சிறிதாகவும் இருந்தது. இலச்சினையின் அளவைப் பற்றி வந்த விவாதத்தில் ஒருவருக்குப் புருவம் கிழிந்தது.

அந்த நாட்களில்தான் தலைவர் கனகசிங்கம் நிலாமைப் பேரவையின் களஞ்சியத்துக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, குளிரறையை நிப்பாட்டும்,” என்றார்.

“பழுதோ அண்ணை?”

“இல்லை. இனி எங்கட இனத்துக்குக் குளிரறை தேவையில்லை.”

விஷயம் இதுதான். இந்தியாவிலிருந்து மாங்காய் விமானத்தில் மிசிசாகாவில் வந்து இறங்கும். சுங்கம் தாண்டி, லொறி ஏறி, கடைக்கு வருவதற்குள் பாதி கனிந்து கறுத்துவிடும். பறித்த பிறகும் பழம் மூச்சுவிடும். மூச்சுவிட விடப் பழுக்கும். தோலின்மேல் தாவரத்திலிருந்து எடுத்த, சாப்பிடக்கூடிய மெல்லிய பூச்சொன்றைப் பூசினால் மூச்சு மெதுவாகும். பழுப்பதும் பிந்தும். உலகத்தில் பல இடங்களில் இதைச் சத்தமில்லாமல் செய்கிறார்கள். பேரவைக்குச் சத்தமில்லாமல் எதையும் செய்யத் தெரியாது.

தலைவர் கனகசிங்கம் மரவள்ளிமாவைக் காய்ச்சி ஒரு பூச்சுக் கண்டுபிடித்தார். செயலாளர் பேனாட் கற்றாழைச் சோற்றைக் கடைந்து இன்னொன்று கண்டுபிடித்தார். தலைவர் செயலாளரைக் கற்றாழைத் துரோகி என்றார். செயலாளர் தலைவரை மாச்சட்டிச் சர்வாதிகாரி என்றார். இரு தரப்பும் தத்தம் பூச்சைப் பூசிய மாங்காய்ப் பெட்டிகளைக் களஞ்சியத்தில் எதிரெதிராக அடுக்குவது என்றும், எது பழுக்காமல் கூடக் காலம் நிற்கிறதோ அதுவே தேசியப் பூச்சு என்றும் தீர்மானம் நிறைவேறியது. பெட்டிகளை விக்டோரியா நாள் விடுமுறையன்று பொதுச்சபை கூடித் திறக்கும். அதற்கு ஒரு நடுவர் வேண்டும்.

“நீர்தான் நடுவர்,” என்றார் கனகசிங்கம்.

“அண்ணை, எனக்குப் பழத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

“அதுதான் தகுதி. தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் ஏதோ ஒரு பக்கம் நிக்கினம்.”

பக்கத்தில் நின்ற பேனாட் தலையாட்டினார். “அதோட நீங்கள் எங்கட ஆளும் இல்லை. எங்கட ஆளில்லாத ஆள்தான் எங்களுக்கு நீதியா நடப்பார். முஸ்லிம் சகோதரர்களிலை பேரவைக்கு எப்பவும் ஒரு தனி அன்பு இருக்குது.”

அந்த மாதம் முழுவதும் தலைவரும் செயலாளரும் ஒத்துப்போன ஒரே விடயம் அது. நிலாம் மறுப்பதற்குள் அவன் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டது.

வீட்டில் அவன் மனைவி ஸகீனா அந்தப் பொன்னாடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“நடுவர் எண்டா நடுவில நிக்கிறவர். ரெண்டு பக்கத்தாலயும் அடி விழும். உங்களுக்கு விளங்குதா?”

“மாங்காய்க்கு ஆரும் அடிபடுவினமோ?”

ஸகீனா பொன்னாடையைக் கிழித்துச் சமையலறைக்குக் கைபிடித் துணி ஆக்கினாள்.

பெட்டிகளுக்குக் காவல் போடப்பட்டது. இரவில் எதிர்த்தரப்பு மாங்காயை யாரும் விரலால் அமுக்கிப் பழுக்கவைத்துவிடக் கூடாது என்று காவல்காரருக்குத் தடிகள் வழங்கப்பட்டன. தடி கையில் இருந்தால் அது சும்மா இருக்குமா? இரண்டாம் கிழமையே ஒரு காவல்காரரின் மணிக்கட்டு முறிந்தது. அவர் மற்றவருடைய பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் குற்றம். சூடான மூச்சு பட்டால் பழுக்கும் என்று பாதுகாப்பு உபகுழு விளக்கம் சொன்னது.

பிறகு வந்தது வாழைப்பழம்.

கனிந்த வாழைப்பழத்திலிருந்து கிளம்பும் ஒரு வாயு பக்கத்திலுள்ள காய்களையும் பழுக்கவைக்கும் என்று யாரோ எங்கோ வாசித்துவிட்டார். அது உண்மைதான். ஆனால் பேரவையின் கையில் உண்மை அகப்பட்டால் அது அடிதாங்காது. வாசலில் உடற்சோதனை தொடங்கியது. வேட்டி மடிப்பு, சட்டைப் பை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் தடவிப் பார்த்தார்கள். பேனாட்டின் மனைவி பேர்ணடெற் சீனி வருத்தக்காரி. மயக்கம் வந்தால் சாப்பிடவென்று கைப்பையில் ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார். அதை வெளியே எடுத்த பாதுகாப்பு உபகுழுத் தலைவர், குண்டைக் கண்டவர்போல அலறி நிலத்தில் படுத்தார்.

“உது என்ன? சொல்லும்! ஆர் தந்து விட்டது?” என்று கனகசிங்கம் பாய்ந்து வந்தார்.

“சாப்பிடக் கொண்டுவந்தனான்!” என்று பேர்ணடெற் கத்தினார்.

“பழ வியாபாரிகளின்ரை கட்டிடத்துக்குள்ளை பழம் சாப்பிடுறதோ!”

பேனாட் மடக்குக் கதிரையைத் தூக்கி உபகுழுத் தலைவரின் முதுகில் இறக்கினார். கதிரை முறிந்தது. முறிந்த காலால் இன்னொருவரின் காதில் அடித்தார். உடனே தலைவரின் ஆட்கள் பேனாட்டைத் தலைகீழாகத் தூக்கினார்கள். மூலையில் ஒரு பெரிய தொட்டி நிறைய மரவள்ளிப் பூச்சுக் கிடந்தது. அதற்குள் செயலாளரைத் தோள்வரைக்கும் அமிழ்த்தினார்கள். வெளியே தெரிந்த இரண்டு சப்பாத்துக்களும் முதலில் வேகமாக உதைத்தன. பிறகு மெதுவாக உதைத்தன. பிறகு உதைக்கவில்லை.

நிலாம் ஓடிப்போய் பேனாட்டின் இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தான். அவனைத் தடியால் அடித்தார்கள். அவன் விடவில்லை. வெளியே வந்த பேனாட்டின் முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வெள்ளை வழவழப்பு மட்டும் இருந்தது. நிலாம் விரலை விட்டு அவருடைய மூக்கையும் வாயையும் தோண்டித் துப்புரவாக்கினான். பேனாட் பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தார்.

மறுநாள் பேரவையின் அறிக்கை வானொலியில் வாசிக்கப்பட்டது: “மரவள்ளிப் பூச்சு மனித உடலுக்கு எவ்விதத் தீங்கும் விளைவிக்காது என்பதை நிரூபிக்கும் பொருட்டு, மதிப்பிற்குரிய செயலாளர் அவர்கள் தாமாக முன்வந்து அதில் மூழ்கினார்.”

பேனாட் அந்த அறிக்கையைக் கண்டிப்பார் என்று நிலாம் எதிர்பார்த்தான். ‘மதிப்பிற்குரிய’ என்பதை ‘பெருமதிப்பிற்குரிய’ என்று மாற்றச் சொல்லித்தான் பேனாட் கடிதம் எழுதினார்.

விக்டோரியா நாள் வந்தது. அன்று காலையில், யுத்தம் முடிந்துவிட்டது என்றது தொலைக்காட்சி. நிலாம் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் சுவர்களுக்கூடாக அழுகைச் சத்தம் கேட்டது. மேல்மாடியில் ஒரு பெண் தலையைச் சுவரில் மோதுவது நிலாமுக்கும் ஸகீனாவுக்கும் துல்லியமாகக் கேட்டது. அவர்கள் இருவரும் யாழ்ப்பாணச் சோனகதெருவில் பிறந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் கெடு வைத்துத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு நடந்தவர்கள்.

“சந்தோசமா இருக்கா உங்களுக்கு?” என்று ஸகீனா கேட்டாள்.

“இல்லை.”

“கவலையா?”

நிலாம் கூரையைப் பார்த்தான். “மேல போய் அந்தப் பொம்புளையிட கதவைத் தட்டு,” என்றான். ஸகீனா சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். அவன் கூட்டத்துக்குப் புறப்பட்டான். இப்படியான நாளில் கூட்டம் நடக்காது, கதவில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும், திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனான்.

கதவில் துண்டு ஒட்டியிருந்தது. ‘வாழைப்பழம் தடை’ என்று.

களஞ்சியம் நிறைந்திருந்தது. சிலர் சிவந்த கண்களோடு பின்வரிசைகளில் குனிந்திருந்தார்கள். முன்வரிசைகளில் தடிகள். மேடையில் விளக்கு. விளக்கருகே பேரவையின் உபதலைவி நாகேஸ்வரி நின்றார். மட்டக்களப்புக்காரி. பெண்களுக்கென்று உருவாக்கிய பதவி அது. அதன் பொறுப்பு விளக்கேற்றுவதும் வடைக்கு ஒழுங்கு செய்வதும். அவருடைய தங்கை வன்னியில் கல்யாணம் முடித்துப் பிள்ளைகளோடு அந்தக் கடற்கரைத் துண்டுக்குள்தான் இருந்தாள். கைத்தொலைபேசியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, குஞ்சைப் பொத்துவதுபோலப் பொத்திக்கொண்டிருந்தார்.

“தலைவர், கூட்டத்தை நிப்பாட்டுங்க,” என்றார் நாகேஸ்வரி. “அங்க சனம் எல்லாம் முடிஞ்சுதெண்டு சொல்லுறாங்க.”

கனகசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். “உபதலைவி சொல்லுறது ஒழுங்குப் பிரச்சினை. யுத்தம் முடிஞ்சுதோ இல்லையோ எண்டதைப் பேரவை இன்னும் ஏற்றுக்கொள்ளேல்லை. அது நிகழ்ச்சிநிரலிலை இல்லை. ஏதும் முடியிறதெண்டால் முதலிலை முன்மொழிய வேணும், பிறகு வழிமொழிய வேணும்.”

“நான் வழிமொழிய மாட்டன்,” என்றார் பேனாட்.

“பாத்தீங்களோ? முடியேல்லை.”

பெட்டிகள் திறக்கப்பட்டன. சபை ‘ஆ’ என்றது. இரு பக்கத்து மாங்காய்களும் மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவைபோலப் பச்சையாக, பளபளவென்று இருந்தன. ஒரு சுருக்கமில்லை, புள்ளியில்லை. தலைவர் கண்ணைத் துடைத்தார்.

“பாருங்கோ! வெளியிலை என்ன நடந்தாலும் மாறாத ஒரு தோலை நாங்கள் உருவாக்கியிருக்கிறம். உள்ளுக்குள்ளை என்ன இருக்கெண்டு கேக்கிறவன் எதிரி. ஒரு இனத்துக்குத் தோல்தான் முக்கியம்!”

கைதட்டல் எழுந்தது. பேனாட் தன் பங்குக்கு, “எங்கட தோல் அதைவிடத் தடிப்பு!” என்று முழங்கினார். அதற்கும் கைதட்டினார்கள்.

நடுவர் வெட்டிப் பார்க்கவேண்டும். நிலாம் கத்தியை எடுத்து தலைவரின் மாங்காய் ஒன்றைப் பிளந்தான். உள்ளே கொட்டையைச் சுற்றி மண்ணிறத்தில் கூழ். புளித்த நெடி முன்வரிசைவரை போனது. பேனாட்டின் மாங்காயைப் பிளந்தான். அதே கூழ், அதே நெடி. மற்றத் தரப்பைவிடத் தடிப்பாகப் பூசவேண்டும் என்ற போட்டியில் இரு தரப்பும் நாளுக்கொரு பூச்சாகப் பூசிவந்திருந்தார்கள். மூச்சு முட்டிய பழம் பழுக்காமல் உள்ளுக்குள்ளேயே நொதித்துப்போயிருந்தது.

“சாப்பிட்டுப் பாத்துச் சொல்லும்,” என்றார் கனகசிங்கம்.

“அண்ணை, இது கள்ளு மாதிரி மணக்குது. எனக்கு ஹறாம்.”

“ஆற்றை பழம் ஹறாம்?”

“ரெண்டும்.”

நிலாமின் காதடியில் ஒரு மாங்காய் வந்து வெடித்தது. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மற்றப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். யாரோ முழங்காலால் விலாவில் ஏறினான். வாயில் புளித்த கூழும் இரத்தமும் சேர்ந்து இறங்கின. கற்றாழைக்காரரும் மரவள்ளிக்காரரும் தோளோடு தோள் நின்று அவனை உதைத்தார்கள். அந்த அளவு ஒற்றுமையைப் பேரவை அதற்குமுன் கண்டதில்லை.

“எனக்குத் தெரியும்! உவங்கள் எப்பவும் உப்பிடித்தான்!” என்றார் பேனாட். போன மாதம் அவருடைய மூக்கிலிருந்து மாவைத் தோண்டியெடுத்த விரல்களின்மேல்தான் அவருடைய சப்பாத்து நின்றது.

கனகசிங்கம் ஒலிவாங்கியில் கத்தினார்: “அடிக்காதேங்கோ! நாங்கள் நாகரிகமான ஆக்கள். தீர்மானம் போடுவம். நடுவர் துரோகி. ரெண்டு நிமிசத்துக்குள்ளை இந்த இடத்தை விட்டு வெளியேற வேணும். கொண்டுவந்த சாமான் ஒண்டும் எடுத்துக்கொண்டு போகேலாது.”

நிலாம் கதிரையொன்றைப் பிடித்து எழும்பினான். முன்னங்கையால் வாயைத் துடைத்தான். அவன் வாழ்நாளில் கூட்டத்தில் பேசியவனல்ல.

“போனமுறை ரெண்டு மணித்தியாலம் தந்தவை,” என்றான்.

பின்வரிசையில் ஒருவர் தலையை இன்னும் தாழ்த்தினார். முன்வரிசையில் யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை. பேனாட் மட்டும், “அது பேரவை தொடங்கமுன்னம் நடந்தது. யாப்பிலை இல்லை,” என்றார்.

அப்போதுதான் நாகேஸ்வரி ஒலிவாங்கியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

“செத்துப்போன சனத்துக்காக ஒரு நிமிசம் வாயை மூடுங்க! வேற ஒண்டும் நான் கேக்கல்ல.”

இதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அகவணக்கம் யாப்பில் இருந்தது. எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். கையிலிருந்த மாங்காய்களை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். நிலாமுக்குத் தந்த இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அகவணக்கத்தின்போது நடப்பது மரியாதையில்லை என்று அவனும் வாசலடியில் குனிந்து நின்றான். அவன் தாடையிலிருந்து சொட்டியது இரத்தமா சாறா என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த அமைதியில் நாகேஸ்வரியின் தொலைபேசி அடித்தது.

அவர் திரையைப் பார்த்தார். நீளமான, தெரியாத இலக்கம். “ஹலோ! ஆரு? புள்ள, நீயா கா?” என்றார். குரல் உடைந்து களஞ்சியமெங்கும் எதிரொலித்தது.

“அகவணக்கம் நடக்குது! போனை நிப்பாட்டுங்கோ!” என்று கனகசிங்கம் சீறினார். நாகேஸ்வரிக்குக் கேட்கவில்லை. “எங்க நிக்கிற? அம்மா எங்க? உரத்துச் சொல்லு புள்ள...” தலைவர் மேடையில் மூன்றே எட்டு வைத்துத் தொலைபேசியைப் பறித்தார். பேனாட் அவருக்கு உதவியாகக் கையை முறுக்கினார். தொலைபேசி சீமெந்தில் விழுந்தது. தலைவர் அதன்மேல் குதியால் ஒரு மிதி மிதித்தார். ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது. அவர் திரும்பவும் தலையைக் குனிந்துகொண்டார்.

நாகேஸ்வரி குத்துவிளக்கைத் தண்டில் பிடித்துத் தூக்கினார். எண்ணெய் சிந்தியது, திரி அணைந்தது. அவர் அதைச் சுழற்றி அடித்த அடியில் தலைவரின் மூக்கு எலும்பு உடைந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. இரண்டாவது அடி பேனாட்டின் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு களஞ்சியத்தில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பெட்டிகள் பறந்தன. பூச்சுத் தொட்டி கவிழ்ந்து நிலமெல்லாம் வழுக்கியது. ஓங்கியவன் வழுக்கி விழுந்தான், விழுந்தவனை மிதித்தவனும் விழுந்தான். புளித்த கூழில் மனிதர்கள் புரண்டு புரண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பிறாண்டினார்கள். பின்வரிசைக்காரர் ஒருவர் அதற்குள்ளும் தலை குனிந்து நின்றார். அவருடைய ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை.

நாகேஸ்வரி நாலு காலில் தவழ்ந்து தொலைபேசித் துண்டுகளைப் பொறுக்கினார். நிலாமும் தவழ்ந்து போனான். இருவருமாக வழுக்கி வழுக்கி வெளியே வந்து அவனுடைய வான் வண்டிக்குள் ஏறினார்கள்.

“திருத்த ஏலுமா தம்பி?”

“இது ஏலாது அக்கா. ஆனா சிம் கிடக்குது.” வீங்கிய விரல்களால் நிலாம் அந்தச் சின்னத் தகட்டைத் துண்டுகளிலிருந்து பிரித்து, சட்டையில் துடைத்து, தன்னுடைய தொலைபேசிக்குள் செருகினான். திரை வெளிச்சம் காட்டியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயத் தொடங்கியது. விடுமுறைக்காகப் பக்கத்துத் தெருவில் யாரோ வாணவேடிக்கையைத் தொடக்கினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நாகேஸ்வரியின் உடம்பு தூக்கிப் போட்டது. நிலாம் வான் கண்ணாடிகளை உயர்த்திவிட்டான்.

“சின்னவளிட குரல்தான்,” என்றார் நாகேஸ்வரி. “பெரியம்மா எண்டு சொன்னா. அவ்வளவுதான் கேட்டது.” நிலாமின் பக்கம் திரும்பினார். “உங்கட ஆக்கள் அண்டைக்கு நடந்து போகக்குள்ள ஆரும் போன் எடுத்தவங்களா?”

“போன் இருக்கேல்லை அக்கா. ஆரும் தேடவும் இல்லை.”

தொலைபேசி அடித்தது.

நாகேஸ்வரி அதைப் பறித்துக் காதில் வைத்தார். “புள்ள! சொல்லு புள்ள!”

“வணக்கம், உபதலைவி அவர்களே,” என்றது பேனாட்டின் குரல். பின்னணியில் அம்புலன்ஸ் சங்கு கேட்டது. “பேரவை உங்களை ஏகமனதா இடைநிறுத்தியிருக்குது. தலைவர் வாயைத் திறக்கேலாத நிலையிலை கையைத் தூக்கி ஆதரிச்சவர். தீர்மானத்தை முழுக்க வாசிக்க வேணும் எண்டது விதி. முதலாவது பந்தி...”

அவர் வாசித்தார். பேரவையின் மாண்பைப் பற்றி வாசித்தார். புனிதமான விளக்கை ஆயுதமாக்கியதைப் பற்றி வாசித்தார். தியாகத்தைப் பற்றியும் தேசியப் பூச்சைப் பற்றியும் வாசித்தார். நாகேஸ்வரி தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். நிலாம் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கப் பார்த்தான். அழைப்பை வெட்டினால் பேனாட் திரும்ப எடுத்து முதலாவது பந்தியிலிருந்து தொடங்குவார் என்று அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

பேனாட் ஒரு பந்தி முடிந்து மூச்செடுக்க நின்ற இடைவெளியில், மிகவும் தணிந்த குரலில் நாகேஸ்வரி சொன்னார்:

“நீங்க சொன்னதெல்லாத்துக்கும் ஓம். இப்ப லைனை விடுங்க தம்பி. புள்ள திரும்ப எடுப்பாள்.”